அந்த ஆப்ஜெக்ட் யார் வீட்டில் இருக்கிறது?

போன இதழில் ரூபி என்ற புரோகிராம் மொழியின் டிரூபி லைப்ரரி பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். ஒரு கம்ப்யூட்டரில் இருக்கும் ஆப்ஜெக்ட்டை, அதாவது தகவலும் அதைக் கையாளும் வேலைகளும் சேர்ந்த பொட்டலத்தை, இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து, பக்கத்தில் இருப்பது போலவே கூப்பிடலாம் என்று. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை வேறு கேள்வி எதுவும் எடுக்கவில்லை. பிரிண்டர் ரிப்பேர், போன் பேட்டரி எல்லாம் அடுத்த இதழில்.

கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்: அக்கா, கடைசி வருட புராஜெக்ட். தனியாக சர்வர் என்று ஒன்று இல்லாமல், லேபில் உள்ள எல்லா கம்ப்யூட்டரும் சரிசமமாக ஒன்றையொன்று கூப்பிட வேண்டும். கைடு, ஜாவா மொழியில் இதே வேலைக்கு இருக்கும் ஆர்எம்ஐயில் செய்யச் சொல்கிறார். ரூபியில் எழுத வேண்டிய புரோகிராம் வரிகள் குறையும் என்கிறீர்கள். எவ்வளவு குறையும்?

நிறையவே குறையும். ஆனால் கைடு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

டிரூபியில் ஓர் ஆப்ஜெக்ட்டை வெளியே காட்ட மூன்று வரி போதும். லைப்ரரியை அழைக்க ஒன்று. ஒரு முகவரியும் ஆப்ஜெக்ட்டும் கொடுத்து 'ஸ்டார்ட் சர்வீஸ்' என்று சொல்ல ஒன்று. புரோகிராம் முடிந்துவிடாமல் காத்திருக்க ஒன்று. எதிர்ப்பக்கம் அந்த முகவரியைக் கொடுத்தால் ஒரு பிரதிநிதி ஆப்ஜெக்ட் கையில் வரும். அதனிடம் எந்த மெத்தடை, அதாவது ஆப்ஜெக்ட் செய்யும் எந்த வேலையைக் கேட்டாலும், 'இது எனக்குத் தெரியாதே' என்று முழிக்காமல், மெத்தட் பெயரையும் அதற்குக் கொடுத்த விவரங்களையும் மூட்டை கட்டி நெட்வொர்க்கில் அனுப்பிவிடும். ரூபியில் இல்லாத மெத்தடைக் கூப்பிட்டால் 'மெத்தட் மிஸ்ஸிங்' என்று ஓர் இடத்துக்குப் போகும் அல்லவா, அங்கேதான் இந்தக் கைவேலை நடக்கிறது. மூட்டை கட்டுவது ரூபியிலேயே இருக்கும் மார்ஷல். புதிதாக எதையும் கண்டுபிடிக்காமல், மொழியில் ஏற்கெனவே இருந்த இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கிறார் ஜப்பான்காரரான மாசாதோஷி செகி. 1999இல் வெளியிட்டார், 2003இல் ரூபி 1.8 வந்தபோது அது மொழியோடு சேர்ந்தே வர ஆரம்பித்தது.

உங்களுக்கு வேண்டிய 'சரிசமம்' எங்கே வருகிறது? இரண்டு பக்கமும் 'ஸ்டார்ட் சர்வீஸ்' சொல்லிவிட்டால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். அப்புறம் யார் சர்வர், யார் கிளையண்ட் என்பது அந்தந்தக் கூப்பாட்டைப் பொறுத்தது. இப்போது நான் கேட்கிறேன், நீங்கள் பதில் சொல்கிறீர்கள். பதில் சொல்லும் நடுவிலேயே நீங்கள் என்னைக் கேட்கலாம். பலர் கூப்பிடுகிற பக்கத்தில் மட்டும் அந்த வரியை விட்டுவிடுவார்கள். சும்மா எண்ணும் எழுத்தும் போய் வரும் வரை ஓடும். ஒரு பிளாக்கை, அதாவது 'இதை ஓட்டு' என்று கையில் கொடுக்கும் புரோகிராம் துண்டை, அனுப்பிய நிமிடம் எர்ரர் வரும். பிளாக் உங்கள் வீட்டில்தான் ஓட வேண்டும். எதிர்ப்பக்கம் திரும்பக் கூப்பிட உங்கள் வீட்டுக்கு ஒரு முகவரி வேண்டாமா?

இப்போது கைடு விஷயம். 1997இல் ஜாவாவின் ஜேடிகே 1.1 பதிப்புடன் வந்த ஆர்எம்ஐயில், வெளியே காட்டும் மெத்தடுகளைப் பட்டியலிட்டுத் தனி இன்டர்ஃபேஸ் எழுத வேண்டும். ஒவ்வொரு மெத்தடிலும் 'ரிமோட் எக்ஸப்ஷன் வரலாம்', அதாவது தூரத்தில் கோளாறு நேரலாம் என்று எழுதியே தீர வேண்டும். கூப்பிடுகிற இடத்தில் அந்தக் கோளாறைக் கவனிக்காமல் விட்டால், புரோகிராமை மொழிபெயர்க்கும் கம்பைலர் விடாது. தொல்லையாகத்தான் இருக்கும். ஆனால் தெரிந்தே வைத்த தொல்லை அது. ஜிம் வால்டோ, ஆன் வோல்ராத் உள்ளிட்ட நான்கு பேர் 1994இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பக்கத்து ஆப்ஜெக்ட்டும் தூரத்து ஆப்ஜெக்ட்டும் ஒன்றே என்று பாவனை செய்யாதீர்கள் என்பதுதான் அதன் சாரம். தூரத்தில் இருப்பதற்கு நேரம் ஆகும், நினைவகம் பொதுவாக இல்லை, ஒரே நேரத்தில் பல பேர் கூப்பிடுவார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பாதி செத்து மறு பாதி உயிரோடு இருக்கும் என்றார்கள். இந்த இருவரும் பிறகு ஆர்எம்ஐ வடிவமைப்பிலும் இருந்தார்கள். அந்தக் கட்டுரையின் கோபம் கம்பைலருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

டிரூபி அந்த எச்சரிக்கை எதையும் செய்யாது. எதிர்ப்பக்க புரோகிராம் செத்துவிட்டால் 'டிஆர்பி கனெக்ஷன் எர்ரர்' வரும், அதை நீங்களாகத்தான் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாகாமல் சும்மா தொங்கிக்கொண்டு நின்றால் நீங்களும் காத்துக்கொண்டே இருப்பீர்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற டைம்அவுட் உங்கள் பொறுப்பு. புராஜெக்ட்டை ரூபியிலேயே செய்யுங்கள். ஆனால் வைவாவில் 'ஆர்எம்ஐயில் ஏன் இத்தனை சடங்கு?' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசகி, திருநெல்வேலி: வாடிக்கையாளர் ஆப்ஜெக்ட் ஒன்றை எதிர்ப்பக்கம் அனுப்பி, அங்கே போன் நம்பரை மாற்றுகிறேன். இங்கே பழைய நம்பரே நிற்கிறது. டிரூபியில் ஏதாவது பக் (பிழை) இருக்கிறதா?

பக் இல்லைம்மா. நீங்கள் அனுப்பியது ஜெராக்ஸ். ஜெராக்ஸில் பேனாவால் திருத்தினால் ஒரிஜினல் மாறுமா?

மூட்டை கட்ட முடிகிற ஆப்ஜெக்ட் எல்லாம் நகலாகத்தான் போகும். மூட்டை கட்ட முடியாதவை, அதாவது திறந்த ஃபைல், த்ரெட் (ஒரு புரோகிராமுக்குள் தனியாக ஓடும் இழை), பிளாக் போன்றவை, முகவரிச் சீட்டாகப் போகும்: இன்ன வீடு, இன்ன எண். உங்கள் வாடிக்கையாளரும் சீட்டாகவே போக வேண்டும் என்றால் அந்த கிளாஸுக்குள் (ஆப்ஜெக்ட்டை வார்க்கும் அச்சுக்குள்) 'டிஆர்பி அன்டம்ப்டு' என்ற மாட்யூலை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். 'என்னை மூட்டை கட்டாதே' என்று அர்த்தம். சீட்டு எங்கெங்கோ சுற்றித் திரும்ப உங்களிடமே வந்தால், டிரூபி அதைப் பிரித்து அசல் ஆப்ஜெக்ட்டையே கையில் கொடுத்துவிடும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதுவே ஒருமுறை என் காலை வாரியது, கீழே சொல்கிறேன்.

ஆனால் பிடித்துப்போய் எல்லாவற்றையும் சீட்டாக மாற்றிவிடாதீர்கள். 10,000 பேர் கொண்ட பட்டியல் சீட்டாக வந்தது, நீங்கள் 'ஈச்' போட்டு ஒவ்வொருவராகப் பார்க்கிறீர்கள் என்றால், ஆளுக்கு ஒருமுறை நெட்வொர்க்கில் போய் வர வேண்டும். ஒரு தடவைக்கு அரை மில்லிசெகண்ட் என்று வைத்தாலும் 5 விநாடி. அதே பட்டியலை நகலாக ஒரே மூட்டையில் வாங்கினால் கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும். நானாக இருந்தால் தகவலை நகலாக அனுப்புவேன். யாராவது ஒருவர் பொறுப்பாக வைத்துக் காக்க வேண்டியதை மட்டும் சீட்டாக அனுப்புவேன்.

இன்னொன்று: நகல் போய்ச் சேரும் இடத்தில் அந்த கிளாஸ் இல்லாவிட்டால் 'டிஆர்பி அன்நோன்' என்று ஒரு பொட்டலமாக வந்து நிற்கும். பிரிக்க முடியாது, ஆனால் அப்படியே அடுத்தவருக்குத் தள்ளிவிடலாம்.

வாசகர், விருதுநகர்: நீங்களே இதை வைத்து உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறீர்களா, இல்லை படித்துவிட்டு எழுதுகிறீர்களா?

சரியான கேள்வி. செய்திருக்கிறேன், மூக்கும் உடைபட்டிருக்கிறேன்.

என் சித்தப்பா மகன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். மூன்று பில்லிங் கவுண்டர். ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் ஓட வேண்டும் என்பது அவன் நிபந்தனை. 2022இல் ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் மூன்று வாங்கி, தனி சர்வர் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொரு கவுண்டரும் எழுந்ததும் மற்ற இரண்டையும் ஐபி முகவரியில் கூப்பிட்டு, தன் 'காவல்காரன்' ஆப்ஜெக்ட்டின் சீட்டைக் கொடுக்கும். 'உன்னிடம் சரக்கு விற்றால் இவனுக்குச் சொல்லிவிடு' என்று. வீட்டில் என் லேப்டாப்பில் மூன்று டெர்மினல் திறந்து, 8787, 8788, 8789 என்று மூன்று போர்ட்டில் (ஒரே மெஷினின் வேறு வேறு வாசல் எண்களில்) ஓட்டிப் பார்த்தேன். தேன் மாதிரி ஓடியது.

கடையில் வைத்த முதல் நாள், முதல் கவுண்டரில் 10 கிலோ ஆணி விற்றார்கள். அங்கே இருப்பில் 30 கிலோ குறைந்தது. மற்ற இரண்டு கவுண்டரிலும் ஒரு கிராம் கூடக் குறையவில்லை. எர்ரர் எதுவும் இல்லை. புரோகிராம் எழுதும் பதிவான லாகில் 'இருவருக்கும் தகவல் சொல்லியாகிவிட்டது' என்று அழகாக எழுதியிருந்தது.

மதியம் வரை மண்டையை உடைத்துக்கொண்டேன். ஸ்விட்ச், கேபிள், ரௌட்டர் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில், வந்து சேர்ந்த சீட்டின் கிளாஸ் பெயர் என்ன என்று அச்சிட்டுப் பார்த்தேன். 'டிஆர்பி ஆப்ஜெக்ட்' என்று வந்திருக்க வேண்டும். 'காவல்காரன்' என்று வந்தது. அதாவது, தூரத்துச் சீட்டு என்று நினைத்தது என் சொந்த வீட்டு ஆள்.

நடந்தது இதுதான். ஒரு மெமரி கார்டைத் தயார் செய்து, அதையே இன்னும் இரண்டு கார்டில் நகல் எடுத்திருந்தேன். அதனால் மூன்று மெஷினுக்கும் ஒரே பெயர், ராஸ்பெரிபை. போர்ட்டும் மூன்றிலும் 8787. சர்வீஸைத் தொடங்கும்போது முகவரியில் மெஷின் பெயரை எழுதாமல் விட்டிருந்தேன். அப்படி விட்டால் டிரூபி தானே மெஷின் பெயரைக் கேட்டு நிரப்பிக்கொள்ளும். ஆக, மூன்று வீட்டுக்கும் ஒரே முகவரி. இரண்டாம் கவுண்டரின் சீட்டு முதல் கவுண்டருக்கு வந்ததும், 'அட, இது என் முகவரிதானே' என்று டிரூபி அதைப் பிரித்து உள்ளூரில் அந்த எண்ணைத் தேடியது. அந்த எண்ணில் ஆள் இல்லாமல் போயிருந்தால் எர்ரர் வந்து நான் பிழைத்திருப்பேன். ரூபி 2.7இலிருந்து ஆப்ஜெக்ட் எண்கள் கேட்கும் வரிசையில் ஒவ்வொன்றாக வழங்கப்படுகின்றன. மூன்று மெஷினிலும் ஒரே புரோகிராம், ஒரே வரிசை. அதே எண்ணில் அங்கேயும் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருந்தான்! விற்றதற்கு 10, தனக்குத் தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டதற்கு 20.

முகவரியில் அந்தந்த மெஷினின் ஐபியை எழுதினேன், சரியாகிவிட்டது. மூன்று மெஷினுக்கும் வேறு வேறு பெயரும் வைத்தேன். தம்பி மட்டும் இன்றுவரை, 'அக்கா, ஆணி எவ்வளவு இருக்கு, சொல்லு பார்ப்போம்' என்று கிண்டல் செய்கிறான்.

வாசகர், பெங்களூரு: இரண்டு மெஷினும் ஒன்றையொன்று கூப்பிடும்போது சில சமயம் இரண்டுமே உறைந்து நிற்கின்றன. ஒரே தகவலை இரண்டு த்ரெட் ஒரே நேரத்தில் தொடாமல் இருக்க, ரூபியின் மானிட்டர் என்ற பூட்டைப் போட்டிருக்கிறேன். ஒரே த்ரெட் இரண்டு முறை பூட்டினாலும் சிக்காது என்றுதான் படித்தேன்.

ஒரே த்ரெட்டாக இருந்தால் சிக்காது. அந்த 'ஒரே' எல்லை தாண்டியதும் போய்விடுகிறது. நீங்கள் பூட்டைப் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கத்தைக் கூப்பிடுகிறீர்கள். அது பதில் சொல்லும் முன் உங்களையே ஏதோ கேட்கிறது. அந்தக் கேள்வி உங்கள் மெஷினில் வேறொரு புது த்ரெட்டில் வந்து இறங்கும். அதற்கும் அந்தப் பூட்டு வேண்டும். பூட்டு வைத்திருப்பவர் பதிலுக்குக் காத்திருக்கிறார், பதில் சொல்ல வேண்டியவர் பூட்டுக்குக் காத்திருக்கிறார். ஆர்எம்ஐயிலும் இதே கதைதான்.

பூட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே கூப்பிடாதீர்கள். உள்ளே போய் வேண்டியதை நகல் எடுத்துக்கொண்டு, பூட்டைத் திறந்துவிட்டு, அப்புறம் போன் போடுங்கள்.

வாசகி, ஈரோடு: காலையில் நன்றாக ஓடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து 'ரீசைக்கிள்டு ஆப்ஜெக்ட்' என்று ரேஞ்ச் எர்ரர் வருகிறது. சில நாள் வருவதே இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு மெத்தடுக்குள் புதிதாக ஒன்றை உண்டாக்கி, அதன் சீட்டை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் மறந்துவிட்டிருக்கும். அந்த மெஷினுக்குள் அதைப் பிடித்துக்கொண்டிருக்க ஆள் இல்லை. குப்பை அள்ளுகிறவர், அதாவது கார்பேஜ் கலெக்டர், உங்கள் கையில் சீட்டு இருப்பதை அறிய மாட்டார். அவர் வரும் நேரத்தைப் பொறுத்து எர்ரர் வரும், வராது.

ஆர்எம்ஐயில் இதற்கு ஒரு குத்தகை முறை உண்டு. சீட்டு வைத்திருப்பவரின் ஜேவிஎம், அதாவது ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள், 'இன்னும் வேண்டும், இன்னும் வேண்டும்' என்று புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வழக்கமான குத்தகை 10 நிமிடம். டிரூபியில் அந்த வேலை உங்களுடையது. கொடுத்தவரே ஒரு ஹாஷில் (பெயர் போட்டு வைக்கும் பட்டியலில்) போட்டு வைத்திருக்க வேண்டும், வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்தால் மெமரி வீங்கும். குறிப்பிட்ட நேரம் வரை பிடித்து வைக்க 'டைமர் ஐடி கான்வ்' என்று ஒன்று கூடவே வருகிறது, அதையும் பாருங்கள்.

வாசகர், சென்னை: கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று எப்படிக் கண்டுபிடிக்கும்? முகவரிப் பட்டியலை ஒரு சர்வரில் வைத்தால் அப்புறம் என்ன சரிசமம்?

ரூபியில் ரிண்டா என்று ஒரு லைப்ரரி உண்டு. யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் கெலர்ன்டர் 1980களில் உருவாக்கிய லிண்டாவின் யோசனையை ரூபிக்குக் கொண்டுவந்தது; பெயரும் அப்படி வந்ததுதான். பொதுவாக ஓர் அறிவிப்புப் பலகை. யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதி ஒட்டலாம், படிக்கலாம், கிழித்து எடுத்துக்கொண்டும் போகலாம். பலகை எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், 7647 யுடிபி போர்ட்டில் 'யாரப்பா அங்கே?' என்று உள்ளூர் நெட்வொர்க் முழுக்கக் கூவலாம். லேபுக்கும் கடைக்கும் இது போதும். கூவல் ரௌட்டரைத் தாண்டாது.

பலகையைப் பயன்படுத்தும்போது ஒரு ஜாக்கிரதை. சீட்டைக் கிழித்து வழியில் அனுப்பும்போது வாங்க வேண்டியவர் செத்துவிட்டால் சீட்டு போயே போயிற்று. அதற்காகவே 'டியூப்பிள் ஸ்பேஸ் பிராக்ஸி' வைத்திருக்கிறார்கள், அதன் வழியாக எடுங்கள்.

நீங்கள் சொன்ன மாதிரி பலகையும் ஒரு மையம்தான், நான் மறுக்கவில்லை. மையமே வேண்டாம் என்றால் காடெம்லியா என்ற தேடும் முறையின் பக்கம் போக வேண்டும். பெட்டார் மேமுன்கோவும் டேவிட் மசியேரும் 2002இல் சொன்னது. ஒவ்வொரு மெஷினுக்கும் 160 பிட் எண். இரண்டு எண்களுக்கு எக்ஸார் (பிட் பிட்டாக ஒப்பிட்டு வித்தியாசம் காட்டும் கணக்கு) போட்டால் வருவதுதான் 'தூரம்'. எனக்குத் தெரியாவிட்டால், என்னை விட இலக்குக்குப் பக்கத்தில் இருப்பவரைக் காட்டிவிடுவேன். பத்து லட்சம் மெஷின் இருந்தாலும் சுமார் 20 தாவலுக்குள் ஆளைப் பிடித்துவிடலாம். ஃபைல் பகிரும் பிட்டாரென்ட்டும் மைய சர்வர் இல்லாமல் ஆளைத் தேட இந்த முறையைப் பயன்படுத்துகிறது. மூன்று கவுண்டருக்கு இதைச் செய்தால், கொசு அடிக்கப் பீரங்கி. நான் மூன்று ஐபியையும் ஒரு ஃபைலில் எழுதி வைத்தேன்.

வாசகர், துபாய்: ஊரில் இருக்கும் மெஷினையும் இங்கே இருப்பதையும் இன்டர்நெட் வழியாக டிரூபியில் இணைக்கலாமா?

திறந்த இன்டர்நெட்டில் கூடவே கூடாது. சீட்டு வைத்திருப்பவர் எந்தப் பொது மெத்தடையும் கூப்பிடலாம். 'இன்ஸ்டன்ஸ் ஈவல்' என்று ஒன்றைக் கூப்பிட்டு உங்கள் மெஷினில் தன் புரோகிராமை ஓட்டிப் பார்க்கலாம். டிஸ்க்கையே துடைக்கும் உதாரணத்தை டிரூபியின் ஆவணத்திலேயே எச்சரிக்கையாக எழுதி வைத்திருக்கிறார்கள். போதாததற்கு, யாரோ அனுப்பும் மூட்டையை மார்ஷல் பிரிப்பதே ஆபத்து. எந்த ஐபியை உள்ளே விடலாம் என்று ஏசிஎல் பட்டியல் போடலாம், எஸ்எஸ்எல் என்ற ரகசியக் குறியீட்டு வழியாகவும் ஓட்டலாம், ஆனாலும் நான் விபிஎன் என்ற தனிப் பாதைக்கு உள்ளே மட்டும்தான் வைப்பேன். அதுவும் தவிர, உங்கள் வீட்டு ரௌட்டருக்குப் பின்னால் இருக்கும், வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் 192.168 முகவரியைச் சீட்டில் எழுதி ஊருக்கு அனுப்பினால், அங்கே யார் வீட்டுக் கதவைப் போய்த் தட்டும்?

வாசகி, தஞ்சாவூர்: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

'டிரூபி ஆள் தேவை' என்று விளம்பரம் வந்து நான் பார்த்ததில்லை. ரூபியில் வெப்சைட் கட்ட உதவும் ரெயில்ஸில், 6ஆம் பதிப்பிலிருந்து சோதனைகளை (டெஸ்ட்டுகளை) ஒரே நேரத்தில் ஓடும் பல புராசஸில் பிரித்து ஓட்டும்போது, அடுத்த டெஸ்ட் எது என்று அந்தப் புராசஸ்கள் கேட்டு வாங்குவது டிரூபி வழியாகத்தான். அதனால் ரூபி வேலையில் இருப்பவர்கள் பலர் தெரியாமலே இதை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் வந்த ரூபி 3.4இலிருந்து இது தனி ஜெம் (ரூபியில் தனியாகச் சேர்க்கும் லைப்ரரிப் பொட்டலம்) ஆகிவிட்டது. ஜெம்களை நிர்வகிக்கும் பண்ட்லரைப் பயன்படுத்துகிறவர்கள், அதன் பட்டியலான ஜெம்ஃபைலில் ஒரு வரி சேர்க்க வேண்டும். 'நேற்று வரை ஓடியது, இன்று லைப்ரரியைக் காணோம்' என்று எழுதியிருந்த மூன்று பேருக்கும் இதுவே பதில்.